சிற்றூர் ஒன்றின் பெருஞ்சத்தம்: நோர்வேயின் லெப்ரஸ் இசைக்குழு கடந்து வந்த பாதை

நோர்வே என்றவுடன் நம் ஊரில் முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும் மனதில் வருவது ஒரே படம்தான். 2002 பெப்ரவரியில் கைச்சாத்திடப்பட்ட யுத்த நிறுத்த உடன்படிக்கை, எரிக் சொல்ஹெய்ம், கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்கள். அதற்கு அப்பால் அந்த நாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

இன்றைய உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. அவர்களில் சிலருடைய போனில் நோர்வே இசைக்குழுக்களின் பாட்டுகள் இருக்கின்றன. அதில் அடிக்கடி காதில் விழும் பெயர் லெப்ரஸ். பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்: “இது என்ன சத்தம்? இதைக் கேட்டால் பிள்ளை கெட்டுப் போகாதா?” ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. அந்தச் சத்தம் எந்த ஊரில், எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அவரவரே ஒரு முடிவுக்கு வரலாம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

*பசளை விளைந்த ஊர்*

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவிலிருந்து தென்மேற்குப் பக்கம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில், டெலிமார்க் பிரதேசத்தில் இருக்கிறது நொட்டொடன். இன்றும் சுமார் 13,000 பேர் மட்டுமே வாழும் இடம். சுற்றிலும் மலை, ஏரி, நீர்வீழ்ச்சி.

இந்த ஊர் உலகச் சரித்திரத்தில் ஒரு முறை இடம்பிடித்தது. கிறிஸ்டியான் பிர்க்லான்ட் என்ற விஞ்ஞானியும் சாம் ஐடே என்ற பொறியியலாளரும் காற்றில் இருக்கும் நைதரசனை மின்பொறியால் பிடித்துப் பசளையாக்கும் வழியைக் கண்டார்கள். அதற்கு ஏராளமான மின்சாரம் வேண்டும். நொட்டொடனின் நீர்வீழ்ச்சிகள் அதைக் கொடுத்தன. 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ கம்பனி இங்கேதான் உருவானது. பசளை இல்லாமல் வயல் என்ன பாடுபடும் என்பதை 2021க்குப் பிறகு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காற்றிலிருந்து பசளை எடுத்த அந்தத் தொழிற்சாலைப் பிரதேசத்தை, பக்கத்து ஊரான ரியூக்கனோடு சேர்த்து 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

ஆனால் தொழில்நுட்பம் மாறியது, உற்பத்தி வேறு இடங்களுக்குப் போனது. தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. பிறகு அந்த ஊர் தேடிக்கொண்ட அடையாளங்களில் ஒன்று இசை. 1988 முதல் அங்கே ஆண்டுதோறும் புளூஸ் இசைவிழா நடக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பருத்தித் தோட்டத் துயரத்தில் பிறந்த இசை, பனி கொட்டும் ஒரு தொழிற்சாலை ஊரில் வேர் விட்டது. புளூஸின் தாய்மண்ணான மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகரமும் நொட்டொடனும் இன்று சகோதர நகரங்கள்.

*தீ வைத்த தலைமுறை*

இதே மண்ணில் இன்னொரு சத்தமும் எழுந்தது. அதை மறைத்துவிட்டு லெப்ரஸின் கதையைச் சொல்ல முடியாது.

1990களின் தொடக்கத்தில் நோர்வேயின் இளைஞர் கூட்டம் ஒன்று ‘பிளாக் மெட்டல்’ என்ற கடும் இசையைக் கையில் எடுத்தது. முகத்தில் வெள்ளை, கறுப்புப் பூச்சு. தொண்டை கிழியும் கத்தல். சமயத்தின் மீதும் சமூகத்தின் மீதும் பகிரங்க வெறுப்பு. அந்த வெறுப்பு பாட்டோடு நிற்கவில்லை. 1992இல் பேர்கன் நகரின் பழைமையான ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. தொடர்ந்து நாட்டின் வேறு பல தேவாலயங்களிலும் தீ வைக்கப்பட்டது. வணக்கத்தலம் எரிந்தால் ஊர் எப்படிப் பதறும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும்.

1991இல் டெலிமார்க்கில் உருவான எம்பரர் குழு இந்த அலையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. அதன் உறுப்பினர் ஒருவர் தேவாலய எரிப்புக்காகவும் இன்னொருவர் கொலைக்காகவும் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார்கள். இத்தனைக்கும் நோர்வேயின் மிகப் பெரிய மரத் தேவாலயமான ஹெட்டால், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நொட்டொடனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

எம்பரரின் பாடகர் இஷான் என்ற மேடைப்பெயர் கொண்ட வெகார்ட் ட்வெய்டன், நொட்டொடன்காரர். அவர் குற்றம் எதிலும் சிக்கவில்லை. இசையிலேயே மூழ்கிக் கிடந்தார். சங்கீதத்தை நுணுக்கமாகக் கற்று, அந்த முரட்டு இசைக்குள் செவ்வியல் இசையின் அமைப்பைக் கொண்டு வந்தார். 2001இல் எம்பரர் தன் கடைசி அல்பத்தை வெளியிட்டுவிட்டுக் கலைந்தது.

அதே 2001இல் அதே ஊரில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதில் பாடகரும் கீபோர்ட் வாசிப்பவருமான ஐனார் சொல்பேர்க், இஷானுடைய மனைவியின் தம்பி.

*பதினாறு வயதுப் பிள்ளைகள்*

ஐனாரும் கிட்டார் வாசிக்கும் தோர் ஒட்மண்ட் சுர்க்கேயும் தொடங்கிய குழுவுக்கு வைத்த பெயர் லெப்ரஸ். தொழுநோய் பீடித்த என்று பொருள். பதின்ம வயதில் பெயர் வைத்தால் இப்படித்தான் இருக்கும். கேட்பவர் முகம் சுளிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இருபது வருடங்களுக்கு மேலாக அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே உலகம் சுற்றுகிறார்கள்.

தொடக்கத்தில் அவர்களுக்கு மேடை குறைவு, பணமும் குறைவு. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 2004இல் ‘சைலன்ட் வாட்டர்ஸ்’ என்று ஒரு மாதிரிப் பதிவு. 2006இல் ‘ஏயோலியா’ என்று இன்னொன்று, அதையும் தாங்களாகவே வெளியிட்டார்கள். எட்டு ஆண்டுகள் இப்படியே போயின. பதினாறு வயதில் தொடங்கியவர்களுக்கு முதல் முறையான அல்பம் வெளிவரும்போது இருபத்து நான்கு வயதை ஒட்டியிருந்தது. நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

இந்த இடைவெளியில் அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. எம்பரர் மறுபடியும் ஒன்று சேர்ந்து மேடையேறியபோது கீபோர்டில் நின்றவர் ஐனார். பிறகு இஷான் தனியாகக் கச்சேரி செய்ய முடிவெடுத்தபோது, தனக்குப் பின்னால் வாசிக்க லெப்ரஸ் குழுவையே அழைத்துக்கொண்டார். பெரிய இசைவிழா மேடைகளை அந்தப் பையன்கள் முதலில் பார்த்தது அப்படித்தான். மேடை ஒழுங்கு, பயண ஒழுங்கு, ஒத்திகை ஒழுங்கு எல்லாவற்றையும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கற்கக் கிடைப்பது எல்லோருக்கும் அமையாது.

*இது என்ன இசை?*

புரோகிரசிவ் மெட்டல் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1970களில் கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் போன்ற பிரித்தானியக் குழுக்கள் ரொக் இசையை நீளமான, சிக்கலான அமைப்புகளாக வளர்த்தன. அந்த அமைப்பையும் ஹெவி மெட்டலின் கனத்தையும் சேர்த்தால் கிடைப்பது இது.

சாதாரணப் பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கைதட்டலாம். இந்தப் பாட்டுகளுக்கு அப்படித் தட்டினால் கை வழுக்கும். ஐந்து, ஏழு, பதினொன்று என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். கர்நாடக சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியர்களைக் கேட்டால், இதில் என்ன அதிசயம், கண்ட சாபு ஐந்து, மிஸ்ர சாபு ஏழு என்று சிரிப்பார்கள். சரிதான். ஆனால் கனத்த மின்கிட்டார்களும் டிரம்ஸும் சேர்ந்து அதே கணக்கைப் பிசகாமல் போடும்போது, வெளியில் கேட்பவருக்கு இரைச்சலாகவும் உள்ளே எண்ணிப் பார்ப்பவருக்குக் கணித பாடமாகவும் இருக்கிறது. இந்தச் சத்தத்துக்குள் கணக்குத் தவறினால் பாட்டே விழுந்துவிடும். கோபம் மட்டும் இருந்தால் இதை வாசிக்க முடியாது.

*உயர்ந்த செடியை வெட்டும் ஊர்*

2009இல் அமெரிக்காவின் சென்சரி நிறுவனம் வெளியிட்ட அவர்களின் முதல் முறையான அல்பத்தின் பெயர் ‘டோல் பொப்பி சின்ட்ரோம்’. பாத்தியில் ஒரு செடி மட்டும் உயர்ந்தால் அதன் தலையைக் கிள்ளிவிடும் மனப்பான்மையைக் குறிக்கும் சொல் அது. நன்றாகச் செய்பவனைத் தட்டி உட்காரவைக்கும் சமூகக் குணம்.

ஸ்கண்டிநேவிய நாடுகளில் இதற்கு ‘யான்டே சட்டம்’ என்று தனிப் பெயரே உண்டு. அக்செல் சான்டெமோசே என்ற எழுத்தாளர் 1933இல் எழுதிய நாவலில் யான்டே என்ற கற்பனை ஊர் வருகிறது. அங்கே எழுதப்படாத விதிகள் இருக்கின்றன. எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: உன்னை நீ பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளாதே. நோர்வேக்காரர்கள் இன்றும் அதைத் தங்கள் சமூகத்தின் குறையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சிறிய ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். அதில் பாதுகாப்பும் இருக்கிறது, மூச்சுமுட்டலும் இருக்கிறது. மேடையில் தடுமாறிய பிள்ளைக்கு நாம் வைக்கும் பட்டப்பெயர் அதன் கல்யாண வயது வரைக்கும் கூட வருகிறதே, அது எந்த நாட்டுச் சட்டம்?

*வெளியே வந்த ஆண்டுகள்*

2010இல் சுவீடனின் தேரியன் குழுவுக்கும், 2011இல் பின்லாந்தின் அமோர்ஃபிஸ் குழுவுக்கும் முன்னோட்டமாக வாசித்துக்கொண்டு ஐரோப்பா சுற்றினார்கள். 2011இல் ஜேர்மனியின் இன்சைட்அவுட் நிறுவனம் அவர்களை எடுத்தது. அந்த ஆண்டு வெளியான ‘பைலேட்டரல்’ தான் ரசிகர்கள் பலரை அவர்கள் பக்கம் திருப்பியது. ஒரே பாட்டுக்குள் ட்ரம்பெட் ஒலிக்கும், கத்தல் வரும், பிறகு தேவாலயக் கோரஸ் போல் குரல்கள் அடுக்கடுக்காக எழும். ‘தோர்ன்’ என்ற பாட்டில் இஷானே வந்து குரல் கொடுத்தார்.

2013இல் வெளிவந்த ‘கோல்’ அதற்கு நேர்மாறு. விளையாட்டுத்தனம் போய்விட்டது. இருண்ட, இறுக்கமான, திரும்பத் திரும்ப அழுத்தும் இசை. அதன் ‘கன்டாமினேட் மீ’ பாட்டில் மறுபடியும் இஷானின் குரல் வருகிறது. அதன் பிறகு மைத்துனரின் நிழலிலிருந்து குழு மெல்ல விலகியது. சண்டையால் விலகவில்லை. வளர்ந்த பிள்ளை தனிக்குடித்தனம் போவது போல.

2014இல் டிரம்ஸ் வாசித்த தோபியாஸ் விலகி, போர்ட் கொல்ஸ்டாட் வந்தார். அவரது கைகள் குழுவின் தாளத்தையே மாற்றின. 2015இல் வந்த ‘த கொங்கிரிகேஷன்’ முழுவதும் தாளத்தின் மீது கட்டிய கோட்டை. ‘த ப்ரைஸ்’ என்ற பாட்டை முதன்முறை கேட்பவர் கால் தட்ட முயன்று தோற்றுப்போவார். 2016இல் ஒஸ்லோவின் புகழ்பெற்ற ரொக்கஃபெலர் மண்டபத்தில் நடந்த கச்சேரியை இறுவட்டாக வெளியிட்டார்கள். நொட்டொடனில் தொடங்கிய பயணம் தலைநகரின் பெரிய மேடைக்கு வந்து சேர பதினைந்து ஆண்டுகள் ஆயின.

*கத்தல் அடங்கியது*

2017இன் அல்பத்துக்கு ‘மலீனா’ என்று பெயர். ஸ்லாவிய மொழிகள் பலவற்றில் அது ராஸ்பெரிப் பழத்தின் பெயர். ஜோர்ஜியா நாட்டுக்குப் போயிருந்தபோது, வறிய மூதாட்டி ஒருவர் அந்தப் பழத்தை விற்கக் கூவியதை ஐனார் கண்டார். அந்தக் காட்சியே தலைப்பானது. தொழுநோய் என்று பெயர் வைத்து உலகத்தை அதிரவைக்க நினைத்த பையன், பழம் விற்கும் கிழவியின் குரலைக் கேட்டு நிற்கும் மனிதனாகிவிட்டான்.

இந்த அல்பத்தில் கத்தல் அறவே இல்லை. பிளாக் மெட்டல் ஊரிலிருந்து வந்த குழு அதை ஒரேயடியாக உதறவில்லை. ஒவ்வோர் அல்பமாகக் குறைத்துக்கொண்டே வந்து இங்கே விட்டது. அதற்குப் பதிலாக ஐனாரின் மிக உயரமான, கண்ணாடி போன்ற குரல் முன்னே வந்தது. கனடாவைச் சேர்ந்த ரஃபேல் வைன்ரொத்-பிரவுன் வாசித்த செலோ, பாட்டுகளுக்குள் நரம்பாக ஓடியது. பழைய கிட்டார்க்காரர் ஒய்ஸ்டைன் லான்ட்ஸ்வெர்க் விலக, ரொபின் ஒக்னடால் வந்தார். பேஸ் கிட்டாரில் சீமன் பொர்வன். முதல் நாள் தொடங்கி இருப்பவர்கள் ஐனாரும் தோரும் மட்டுமே.

ரசிகர்களில் ஒரு பகுதியினர் கோபப்பட்டார்கள். இது மெட்டலே இல்லை என்றார்கள். குழு அதற்காகத் திரும்பிப் போகவில்லை.

*நோயைச் சொல்லிப் பாடியவர்*

நம் பார்வையில் லெப்ரஸின் சரித்திரத்தில் மிக முக்கியமான ஆண்டு 2019. அந்த ஆண்டு வெளிவந்த அல்பம் ‘பிட்ஃபோல்ஸ்’. படுகுழிகள் என்று பொருள்.

அதற்கு முந்திய காலத்தில் ஐனார் கடும் மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் பாதிக்கப்பட்டிருந்தார். அந்தக் காலத்திலேயே பாட்டுகளை எழுதினார். எழுதியதைச் சுற்றி வளைக்கவில்லை, உவமைக்குள் ஒளிக்கவும் இல்லை. வெளியான பிறகு நேர்காணல்களிலும் அதை நேராகச் சொன்னார். இசையும் மாறியது. கிட்டார் பின்னால் போனது. வயலின், செலோ, இலத்திரனியல் ஒலி, கிசுகிசுக்கும் குரல் ஆகியவை முன்னால் வந்தன. ‘பிலோ’ என்ற முதல் பாட்டு மெல்லிய முனகலாகத் தொடங்கிப் பெரும் அலையாக எழுகிறது. ‘த ஸ்கை இஸ் ரெட்’ என்ற கடைசிப் பாட்டு 11 நிமிடங்கள் ஓடுகிறது.

இதன் பெறுமதி என்ன என்று புரிய, அதே ஊரின் முந்திய தலைமுறையை நினைத்துப் பாருங்கள். 1990களில் அந்த இளைஞர்களுக்குள் இருந்த இருட்டு மற்றவர்களின் கூரை மீது தீயாக விழுந்தது. 2019இல் அதே குடும்ப வட்டத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குள் இருந்த இருட்டை எடுத்து மேசையில் வைத்து, இது நோய், எனக்கு வந்திருக்கிறது என்று சொன்னார். கறுப்பு உடையும் கனத்த இசையும் ஒன்றுபோல் தோன்றலாம். மனிதர்கள் ஒன்றல்ல. சத்தத்தை வைத்து ஒரு பிள்ளையை எடைபோட்டால் இந்த இருவரும் நமக்கு ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

நம் பாடசாலைகளில் இப்போது உளவளத்துணை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அறைக்குள் போகும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள், வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். “உனக்கு என்ன குறை?” என்று ஒரு கேள்வியோடு கதையை முடித்துவிடுகிறோம். தன் பாடகன் நோயைப் பெயர் சொல்லிப் பேசுவதைக் கேட்ட பிள்ளை, தன் நோயையும் ஒருநாள் பெயர் சொல்லிப் பேசக்கூடும். கேட்க நாம் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

*தொலைவும் திரும்பலும்*

2020இல் கொவிட் வந்தது. மேடைகள் மூடப்பட்டன. 2021இல் ‘அஃபீலியன்’ வெளிவந்தது. விஞ்ஞானப் பிள்ளைகளுக்குச் சொல் தெரிந்திருக்கும்: ஒரு கோள் தன் பாதையில் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் நிற்கும் புள்ளி. ஆனால் அது பாதையின் முடிவல்ல. அந்தப் புள்ளியைத் தொட்ட கோள் மறுபடி சூரியனை நோக்கித்தான் வரும்.

2023இல் ஐனார் ‘16’ என்று ஒரு தனி அல்பம் வெளியிட்டார். அவரது பதினாறாவது வயதைக் குறிக்கும் தலைப்பு அது. வாழ்க்கையின் முதல் பெருந்துயரங்களைச் சந்தித்ததும், இசைதான் தன் தொழில் என்று தீர்மானித்ததும் அந்த வயதில் என்கிறார். 2001ஐ மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஓகஸ்டில் ‘மெலடீஸ் ஒஃப் அடோன்மன்ட்’ வந்தது. வாத்தியக் கூட்டத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு ஐந்து பேர் மட்டும் நின்று வாசிக்கும் இசை. பல ஆண்டுகளுக்குப் பிறகு பழைய கத்தலும் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. அடோன்மன்ட் என்றால் பரிகாரம், பிராயச்சித்தம்.

*ஊர் என்ன செய்தது?*

இந்தக் குழுவின் திறமை அவர்களுடையது. ஆனால் திறமை வளர மண் வேண்டும். நோர்வேயில் 1997இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும், தனியாகவோ பக்கத்துச் சபையோடு சேர்ந்தோ, பிள்ளைகளுக்கான இசை, கலைப் பாடசாலை ஒன்றை நடத்த வேண்டும். 13,000 பேர் வாழும் ஊருக்கும் அது பொருந்தும். தேவாலயங்கள் எரிந்த அதே தசாப்தத்தில் அந்த நாடு பொலிஸையும் அனுப்பியது, நீதிமன்றத்தையும் நடத்தியது, கூடவே பிள்ளைகள் கையில் வாத்தியத்தையும் கொடுத்தது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பயந்து போன சமூகம் பிள்ளைகளின் கலையைப் பறிக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

நம்மிடம் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அழகியல் பாடவேளை. சித்திரம், சங்கீதம், நாடகம் எல்லாம் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடம்விட்டு எழும்பிப் போகும். இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு, பெற்றோருக்கும் உண்டு.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இதைக் கேட்டால் பிள்ளை கெட்டுப் போகுமா? லெப்ரஸ் எல்லோருக்குமான இசை அல்ல. பிடிக்காதவர்கள் கேட்க வேண்டியதில்லை, வீட்டில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் காதில் வயரைச் செருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், “இந்தச் சனியனை நிறுத்து” என்று சொல்வதற்கு முன்னால், “இதில் உனக்கு எது பிடித்திருக்கிறது?” என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பதில் தாளத்தைப் பற்றியும் இருக்கலாம், தன்னைப் பற்றியும் இருக்கலாம். இரண்டாவது பதில் வந்தால், அன்றைக்கு மற்ற வேலைகளை ஒத்தி வையுங்கள்.